பதிவேட்டில் இருப்பவர்களைச் சுவரில் எழுதுங்கள்

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

படிக்காதவர்களை முன்னாள் மாணவர்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்கள். படித்தவர்களின் பெயர் இருக்கும் பதிவேடுகளை எடைக்குப் போடப் பார்க்கிறீர்கள். இந்த இரண்டையும் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அந்த வளாகத்து வீட்டுச் சண்டையாகிவிடும். மற்றவர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று அடுத்த கோப்பைப் புரட்டப் போய்விடுவீர்கள். வேறு வளாகங்களில் வேலை பார்த்த நண்பர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கூடக்குறைய எல்லா இடத்திலும் இதே கதைதான்.

கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு செய்து தர மதிப்பீடு வழங்கும் தேசிய அமைப்பான நாக்-இன் குழு வருகிறது என்று எங்கள் நிர்வாகக் கட்டடத்தின் முகப்பில் அவசர அவசரமாக ஒரு சுவர் எழும்பியது. கறுப்பு கிரானைட், பொன்னிற எழுத்து, "நம் பெருமைமிகு முன்னாள் மாணவர்கள்" என்று தலைப்பு, கீழே 24 படங்கள். அதில் மூன்று பேர் எங்கள் வகுப்பறையில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்தவர்கள் இல்லை. பட்டமளிப்பு விழாவில் மதிப்புறு முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு அன்று மாலையே ஊர் திரும்பியவர்கள். இன்னும் இரண்டு பேர் பட்டம் வாங்கியது எங்கள் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்னால். ஒருவர் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டவர். எந்தெந்தத் தாளுக்கு அவர் வரவில்லை என்பதுவரை பதிவேட்டில் இருக்கிறது. மீதிப் பேரில் அமைச்சர், முன்னாள் அமைச்சர், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., நடிகர், பொறியியல் கல்லூரி முதலாளி என்று வரிசை போகிறது. பெண்கள் இரண்டு பேர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்கூட இல்லை. எங்கள் பட்டதாரிகளில் பாதிப் பேருக்கு மேல் வாத்தியார்களாகத்தான் போயிருப்பார்கள் என்பது தேர்வுத் துறையில் இருந்த எவருக்கும் தெரியும்.

மனு எழுதினேன். பதிவேட்டின் பக்க எண்ணோடு, ஆண்டோடு, யார் யார் பெயர் தவறு என்று குறித்துக் கொடுத்தேன். "பட்டியல் உரிய குழுவால் இறுதி செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சரி, குழு எந்த அளவுகோலை வைத்து இறுதி செய்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "அளவுகோல் எதுவும் வகுக்கப்படவில்லை" என்றார்கள். அந்தப் பதிலின் நேர்மைக்காகவாவது நன்றி சொல்ல வேண்டும். தனியாக விசாரித்தபோது குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: "சார், நாக் குழு நடந்து போகும்போது பார்த்ததும் தெரிகிற முகமா இருக்கணும்னு மேலிடத்துல சொன்னாங்க. நாங்க என்ன பண்றது?"

அதோடு விட்டிருப்பேன். ஆனால் கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. பழைய மதிப்பெண் பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்தாகிவிட்டது, இடம் அடைக்கிறது, கழிவுத்தாளாக ஏலம் விட உத்தேசம் என்று. சுவர் பொய் சொல்கிறது; அது பொய் என்று காட்டும் பதிவேடு பழைய பேப்பர்காரரிடம் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பதிவேடுகளை உங்களில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியாது. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனம். காலிகோ அட்டை, தடித்த நூல் தையல். கணினி வருவதற்கு முந்தைய ஆண்டுகள் முழுக்கக் கையெழுத்து. இடது ஓரத்தில் பதிவு எண், அதை ஒட்டிப் பெயர், அப்புறம் தாள் தாளாக மதிப்பெண், கூட்டுத்தொகை, கடைசிக் கட்டத்தில் முடிவு. ஒருவர் கூட்ட, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டிருப்பார். தேறாத தாளுக்கு ஆர்.ஏ. என்று குறிப்போம். ஒரே பெயருக்கு நேரே ஆங்கிலத் தாளில் பருவத்துக்குப் பருவம் ஆர்.ஏ., ஆர்.ஏ. என்றே ஓடிவந்து, திடீரென்று ஒரு பருவத்தில் 36 என்று நிற்கும். தேற 35 போதும். அந்த 36-ஐப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் ஊரில் அன்று என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்கே தோன்றும்.

அதன் பிறகு அந்தப் பெயர் எங்கே போனது? அதுவும் எங்களுக்குத் தெரியும். பல வருடம் நான் பார்த்தது உண்மைத்தன்மைச் சான்று மேசை. எங்கள் பட்டத்தை வைத்து ஒருவர் வேலைக்குப் போனாலோ பதவி உயர்வு பெற்றாலோ, அந்தப் பட்டம் மெய்தானா என்று கேட்டு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். மாவட்டக் கல்வி அலுவலகம், காவல் துறை, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவு வங்கி, நீதிமன்றம், பிறகு துபாய், சிங்கப்பூர், கனடா. பதிவேட்டை எடுத்து, பெயரைத் தேடி, "மெய்யானது" என்று முத்திரை போட்டு அனுப்புவோம். அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்கு ஒரு பல்கலைக்கழகம் ஊருக்கு என்ன செய்தது என்பதற்கு வேறு ஆய்வறிக்கை தேவைப்படாது. தபாலைப் பிரித்தாலே போதும்.

ஒரு முறை மலைக்கிராமத்து அரசுப் பள்ளி ஒன்றின் தமிழாசிரியைக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு என்று கடிதம் வந்தது. பதிவேட்டில் பார்த்தால் அஞ்சல்வழியில் பி.லிட்., இடையில் நான்கு வருட இடைவெளி, பிறகு மீண்டும் தேர்வு, தேர்ச்சி. அந்த நான்கு வருடத்தில் கல்யாணமோ பிரசவமோ பண முடையோ, எதுவோ ஒன்று. அதே வருடம் காக்கிச் சட்டையோடு ஒரு நடத்துனர் கவுன்ட்டருக்கு வந்தார். இரண்டு நடைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் ஓடி வந்திருந்தார். தோளில் தோல் பை, விரலிடுக்கில் நீளவாட்டில் மடித்த நோட்டுகள். எம்.ஏ. வரலாறு மதிப்பெண் பட்டியலின் நகல் வேண்டும் என்றார். சில வருடம் கழித்து அவர் பெயரில் ஆசிரியர் தேர்வு வாரிய நியமனத்துக்கான சரிபார்ப்புக் கடிதம் வந்தபோது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது அப்போதைய கண்காணிப்பாளர். இவர்கள் இரண்டு பேரையும் எந்தச் சுவரிலும் காணவில்லை. காரணம், இவர்கள் 'தபாலில் படித்தவர்கள்'.

தபாலில் படித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மதுரையில் 1971-லும் சிதம்பரத்தில் 1979-லும் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்விதான் தென்னாட்டின் எத்தனையோ காவலர்களையும் எழுத்தர்களையும் இடைநிலை ஆசிரியர்களையும் பட்டதாரிகளாக்கியது. அந்தக் கட்டணம்தான் பல வருடங்கள் நம்மில் சில பல்கலைக்கழகங்களின் சம்பளப் பட்டியலையே தாங்கியது. அது நிதி அலுவலர்களுக்குத் தெரியாதது இல்லை. கட்டணம் வாங்கும்போது மாணவர். பெருமை பேசும்போது மட்டும் அவர் யாரோவா? முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர் படிவத்தில் "துறை", "விடுதி அறை எண்" என்று கட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏறி வந்தவர் அதில் என்ன எழுதுவார்?

உங்கள் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாக் அளவுகோல்களில் ஐந்தாவதான மாணவர் ஆதரவு, முன்னேற்றம் என்பதற்குள் முன்னாள் மாணவர் பங்களிப்பும் ஒரு பிரிவு. சங்கம் பதிவு செய்யப்பட்டதா, நிதியோ வேறு உதவியோ வந்ததா என்று கேட்கிறார்கள். பணம் கொடுக்கக்கூடியவர், முகம் தெரிந்தவர் என்று தேடத் தொடங்கியதில் பட்டியல் இப்படி ஆகிவிட்டது. ஆனால் படிக்காதவரைப் படித்தவர் என்று எழுதச் சொல்லி எந்தக் குழுவும் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பெரிய பெயர்தான் வேண்டும் என்றால் அதுவும் நம் பதிவேடுகளிலேயே கிடைக்கும்.

2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்தவர். 1981-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி அப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். திருநெல்வேலிக்கு என்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-இல். அவர் இஸ்ரோவில் சேர்ந்ததோ 1987-இல். ஆக மூன்று பேர் உரிமை கொண்டாட இடமிருக்கிறது. பட்டச் சான்றிதழில் இருப்பது ஒரே பெயர்தான்.

இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் கதையும் இதுதான். குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் விவசாயி வீட்டுப் பிள்ளை, தமிழ்வழிப் பள்ளிக்கூடம், நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம். இன்று அந்தக் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி. அவர் படித்தபோது அந்தப் பல்கலைக்கழகமே கிடையாது. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் முடித்தது 1980-இல். பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியது 1982-இல். அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்தது 1954-இல். பாரதிதாசன் பல்கலைக்கழகம் வர இன்னும் 28 வருடம் இருந்தது. அவர் விமானப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 1978-இல் கலாம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் கோவை வேளாண் கல்லூரியில் பட்டம் பெற்றது 1947-இல். அந்தக் கல்லூரியை உள்ளடக்கிய வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது 1971-இல்.

இதையெல்லாம் சொல்வது இவர்களைப் பட்டியலிலிருந்து தள்ளுவதற்கு அல்ல. ஒரு கல்லூரி எந்தக் கூரைக்குக் கீழ் போனாலும் அதன் மாணவர் அதன் மாணவர்தான். நான் கேட்பது ஒரு அடிக்குறிப்பு: எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம். அதை எழுதிவிட்டால் பெருமை குறைந்துவிடாது, கூடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் ஒரே ஆளாகத் தாங்கியதை 1966-இல் மதுரையும், 1982-இல் திருச்சியும் கோவையும், பிறகு நெல்லையும் சேலமும் வேலூரும் பங்கு போட்டுக்கொண்ட வரலாறே அந்த அடிக்குறிப்புகளில் வந்துவிடும். முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்தச் சுவர் முன் நின்று, தன் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரிப் பெயரைப் பார்த்துவிட்டுப் போவான். இப்போது அங்கே நின்று செல்ஃபி எடுக்கிறான், நடிகர் படத்தோடு.

மதிப்புறு முனைவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தகுதியுள்ளவருக்குப் பட்டம் கொடுத்து மரியாதை செய்வது நல்ல வழக்கம். 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கலைஞருக்கு அந்தப் பட்டம் கொடுத்தது. அதற்காகக் கலைஞர் சிதம்பரத்தில் படித்தவர் என்று அவர் கட்சிக்காரர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. சிதம்பரத்தில் உண்மையிலேயே படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் இருக்கும்போது சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மதிப்புறு முனைவர்களுக்குத் தனிப் பலகை வையுங்கள். எந்த ஆண்டு, எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். 'எதற்காக' என்ற கட்டத்தை நிரப்பும்போது சில பெயர்களுக்குக் கை தடுமாறும். அது குழுவின் பாடு.

சிதம்பரம் என்றதும் இன்னொரு பெயர். அங்கே வேளாண்மை படித்தவர்தான் நம்மாழ்வார். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலை. வானம் பார்த்த கரிசல் விவசாயிக்கு ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கட்டுப்படியாகாது என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையை உதறியவர். 2013 டிசம்பரில் இறக்கும்வரை சட்டை போடாத உடம்போடு இயற்கை விவசாயம் பேசி ஊர் ஊராகப் போனார். உயிரோடு இருந்த காலத்தில் வேளாண் துறைப் பெருமக்கள் பலருக்கு அவர் தலைவலி. பெருமைமிகு முன்னாள் மாணவர் என்று இப்போது அவரை ஒப்புக்கொள்ள யாருக்கும் கஷ்டம் இருக்காது. என் கேள்வி, உயிரோடு இருக்கிற, உங்களுக்குத் தலைவலி தருகிற முன்னாள் மாணவரைப் பற்றி. அரசை எதிர்த்து வழக்குப் போட்டவர், பல்கலைக்கழகத்தையே எதிர்த்து எழுதியவர் உங்கள் பட்டியலில் உண்டா? எங்கள் 24 பேரில் இல்லை.

அறிவு என்று எடுத்துக்கொண்டால் தொ. பரமசிவன். அழகர்கோயிலைப் பற்றி அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகமே 1989-இல் நூலாக வெளியிட்டது. கள்ளர், வலையர், இடையர், பள்ளர் என்று கோயிலைச் சுற்றியிருக்கும் சனங்கள் வழியாக ஒரு பெருமாள் கோயிலைப் படிக்கலாம் என்று காட்டிய வேலை அது. நம் பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு எத்தனையோ ஆய்வேடுகள் நூலக அலமாரிக்குப் போகின்றன. அவற்றில் ஊரின் பார்வையையே மாற்றியவை எவை என்று தேடிப் பார்த்திருக்கிறோமா? முன்னாள் மாணவர் பட்டியல் போடும் குழுவில் எங்கள் நூலகர் இல்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பெயர் சொல்லியிருப்பார்.

பட்டம் வாங்காமல் போனவர்களையும் மறைக்க வேண்டியதில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற, பட்டப் படிப்புக்கு முந்தைய தேர்வில் தேறவில்லை. அதே மனிதருக்குத்தான் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. தேறவில்லை என்பதையும் உதவித்தொகை கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக்கதை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பட்டம் வாங்கவில்லை, வாங்க உயிர் இல்லை. வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. "இங்கே படித்தார், பட்டம் பெறவில்லை" என்று எழுத ஒரு தனிப் பகுதி போதும். அதைவிட்டு, இரண்டாம் ஆண்டில் நின்றவரைப் பட்டதாரி என்று எழுதுவது அவருக்கே சங்கடம்.

ஆசிரியர்களை முன்னாள் மாணவர்களோடு குழப்புவதும் நடக்கிறது. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை சிதம்பரத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், அங்கே படித்தவர் அல்ல. எந்த இயல் எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் படி எண்களின் (ஒரு எண்ணை ஆறு முறை போட்டுப் பெருக்கி வருபவை) கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். 1950-இல் அமெரிக்கக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். இப்படி ஒருவர் உங்கள் வளாகத்தில் பாடம் எடுத்திருந்தால் அவருக்கும் ஒரு பலகை வைக்கலாமே. இன்றைய மாணவனுக்கு அவர் பெயரை யார் சொல்வது?

அப்புறம் பெண்கள். இரண்டே பேர் ஏன் என்று கேட்டதற்கு, "தேடினோம், தொடர்பு கிடைக்கவில்லை" என்றார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பதிவேட்டில் அப்பாவின் இன்ஷியல். கல்யாணத்துக்குப் பின் கணவரின் இன்ஷியல். சிலருக்குப் பெயரே மாறிவிடும். சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் அதோடு அவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஆனால் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு வரும் கடிதங்களில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும், அரசிதழ் நகலோடு. தேடுகிறவர்கள் அந்தக் கோப்புக்கு வரவே இல்லை. சான்றிதழ்ப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பிரித்திகா யாஷினியே சாட்சி. சேலத்தில் பிறந்து பி.சி.ஏ. முடித்த அந்தத் திருநங்கை 2015-இல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழ்ப் பெயரும் விண்ணப்பப் பெயரும் பொருந்தவில்லை என்று முதலில் நிராகரித்தார்கள். உயர் நீதிமன்றம்வரை போராடித்தான் இந்தியாவின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் ஆனார். பெயர் திருத்தத்துக்காக நம் கவுன்ட்டர்களில் இன்றும் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். சாதித்துவிட்டு வந்தால் படம் மாட்டுவோம்; சாதிக்கப் போகும்போது ஒரு எழுத்துத் திருத்தத்துக்கு அலைய விடுவோம் என்றால் எப்படி?

விளையாட்டுக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், உள்ளாட்சித் தலைவர்கள் பற்றி எல்லாம் எழுதினால் மடல் நீளும். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு சேலத்திலேயே பி.பி.ஏ. படித்தவர், ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. உடற்கல்வி இயக்குநரை ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பதிவேடுகளுக்கு வருகிறேன். ஸ்கேன் செய்தாகிவிட்டது என்கிறீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்த பக்கங்களில் சிலவற்றை நானே திரையில் பார்த்தேன். தையலை ஒட்டிய பதிவு எண்கள் மடிப்பின் நிழலில் விழுந்து படிக்க முடியவில்லை. பச்சைச் சுருக்கொப்பம் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரிகிறது. திருத்தம் செய்து ஓரத்தில் எழுதிய குறிப்பு வெட்டுப்பட்டிருக்கிறது. நாளைக்கு ஒருவர் பென்ஷனுக்காகவோ வழக்குக்காகவோ தன் பட்டம் மெய் என்று நிரூபிக்க வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவீர்கள்? அந்தக் காகிதத்தை விற்றால் கிடைக்கும் பணம் சுவரில் ஒரு கிரானைட் பலகைக்குக்கூடக் காணாது.

நான் கேட்பது இவ்வளவுதான்.

பதிவேட்டு ஏலத்தை உடனே நிறுத்தி வையுங்கள். ஸ்கேன் செய்த ஒவ்வொரு தொகுதியையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் தேர்வாணையர் கையெழுத்துப் போட்டுச் சான்றளிக்கும்வரை ஒரு தாளும் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்குப் பிறகும் இடமில்லை என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். பழைய பேப்பர்காரரை அல்ல.

சுவரிலும் சிறப்பு மலரிலும் நாக் அறிக்கையிலும் முன்னாள் மாணவர் என்று போட்டிருக்கும் ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டோடு சரிபாருங்கள். படிக்காதவர்களை எடுத்துவிடுங்கள். மதிப்புறு முனைவர், பட்டம் பெறாமல் போனவர், ஆசிரியர் என்று யார் யாரோ அவரவர் இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கல்லூரி, படிப்பு, ஆண்டு, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் நான்கையும் எழுதுங்கள்.

தேர்வுக்கு என்ன அளவுகோல் என்பதை எழுதி ஆட்சிக்குழுவில் வைத்து, எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். குழுவில் நூலகர், தேர்வுத் துறை ஊழியர், தொலைநிலைக் கல்வி மையத்தைச் சேர்ந்தவர், இணைவுக் கல்லூரி ஆசிரியர் ஆகியோருக்கு இடம் கொடுங்கள். பெயர்களை மாணவர்களும் ஊர் மக்களும் பரிந்துரைக்கட்டும். பதவி ஒன்றையே தகுதியாகக் கொள்ளாதீர்கள். பதவி போனதும் என்ன மிச்சம் என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியர்களுக்கு என்று வருடத்துக்கு ஒரு இடமாவது ஒதுக்குங்கள்.

அஞ்சல்வழியிலும் பகுதி நேரத்திலும் படித்தவர்களை முன்னாள் மாணவர் சங்கத்தில் முழு உறுப்பினராகச் சேருங்கள். பெண்களுக்குப் படித்தபோது இருந்த பெயர், இன்றைய பெயர் இரண்டையும் பதியுங்கள். பெயர் திருத்த மனுக்களுக்கு ஒரு கெடு வையுங்கள்; 30 நாள் என்றால் 30 நாள்.

அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குள் இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று வெளிப்படையாகப் பதில் சொல்லுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வேண்டாம். அந்தப் பதிலை நானே எத்தனையோ பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன், அதன் பொருள் எனக்குத் தெரியும்.

பதிவேட்டைப் புரட்ட ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓய்வு பெற்ற தேர்வுத் துறை ஊழியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். சம்பளம் வேண்டாம். பதிவேட்டு அறைச் சாவியும், ஓடுகிற ஒரு மின்விசிறியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
தேர்வுத் துறை